லூசியம்மாளின் நான்கு கண்கள்

நான்கு கண்கள் உள்ள ஒரு பெண்ணோடு நான் வளர்ந்தேன். இரண்டு முகத்தில், இரண்டு தட்டில்.

உங்களில் கத்தோலிக்க வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் வயதில் யார் எதை மறந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்பதால் எல்லோருக்குமே சொல்லிவிடுகிறேன். அர்ச்சியசிஷ்ட, அதாவது புனித, லூசியம்மாள் ஒரு வேதசாட்சி. சிசிலித் தீவுக்காரி. ரோம அரசர்கள் காலத்தில் விசுவாசத்தை விட மறுத்ததால் கழுத்தில் வாள் பாய்ச்சிக் கொல்லப்பட்டாள். கண் நோய்க்கு அவளிடம்தான் வேண்டுவார்கள். அம்மாவின் ஜெபப் புத்தகத்துக்குள் அவளுடைய படம் ஒன்று இருந்தது. உள்ளங்கை நீளம், ஓரத்தைச் சரிகைபோல் வெட்டிய வெளிநாட்டு அட்டை. பச்சை உடை, சிவப்பு மேலாடை, வலக்கையில் குருத்தோலை, இடக்கையில் தட்டு. தட்டில் அந்த இரண்டு கண்கள், விருந்தாளிக்கு எடுத்துவந்த பலகாரம்போல.

“அவ கண்ணு அழகா இருக்குன்னு ஒருத்தன் பின்னாலயே சுத்தினான். உனக்கு வேண்டியது இதுதானே, எடுத்துக்கோன்னு தானே பிடுங்கித் தட்டுல வச்சுக் குடுத்துட்டா” என்பாள் அம்மா.

“அப்புறம் முகத்துல எப்படி ரெண்டு இருக்கு?”

“ஆண்டவர் புதுசு குடுத்தாரு.”

“அப்ப பழசை ஏன் இன்னும் கையில வச்சிருக்கா?”

“வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடு.”

பிற்காலத்தில் பணியாளர் பிரிவில் முப்பத்து மூன்று வருடம் கோப்புகளோடு குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், என் கேள்வி நியாயமானது. புதியதை வழங்கும்போது பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்வதுதான் முறை. மேலுலகத்துப் பண்டகசாலையில் அதைக் கொஞ்சம் தளர்த்தியிருப்பார்கள் போலிருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் படப் புத்தகங்களைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. அவளுடைய மிகப் பழைய படங்களில் தட்டும் இல்லை, கண்ணும் இல்லை. சில படங்களில் வெறும் விளக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் பெயருக்கே வெளிச்சம் என்றுதான் பொருளாம். பல நூற்றாண்டு கழித்து யாரோ ஓர் ஓவியன் அவள் கையில் கண்களைக் கொடுத்தான். பார்த்தவர்கள், கண் ஏன் தட்டில் இருக்கிறது என்று யோசித்து, பிடுங்கிய கதையைச் செய்துகொண்டார்கள். அப்படியும் ஒரு கருத்து உண்டு. கோப்பு முதலில், சம்பவம் பிறகு. நான் இதை நம்புகிறேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் கடைசி. சிகந்தராபாத்தில், போவன்பள்ளியில் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் யானை யானையாகப் பாறைகள். அப்பா ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேன். இயந்திர உறுப்புகளைப் படமாக வரைவது அவர் வேலை. பிரதி எடுக்கும் இயந்திரத்தின் அமோனியா வாசனை அவர் சட்டையிலேயே வீட்டுக்கு வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிப்பிடிப்பேன். மற்றக் குழந்தைகளுக்கு அப்பா வாசனை என்றால் பீடியோ வியர்வையோ. எனக்கு, கண்ணில் நீர் வரவழைக்கும் அந்த நெடிதான். இன்றும் ஏதாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் அது லேசாக வந்தால் நின்றுவிடுகிறேன்.

அந்த வருட மழைக்கு முன்பிருந்தே அப்பா என்னைப் படிக்கச் சொல்ல ஆரம்பித்திருந்தார். வீட்டுக்குக் கொண்டுவரும் வரைபடங்களில் எறும்பு எழுத்தில் அளவுகள் இருக்கும். “பாப்பா, இது எத்தனைன்னு சொல்லு பாக்கலாம்” என்பார். எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார் என்று நினைத்துப் பெருமையாகப் படித்தேன். ஒருநாள் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். அவர் அதையே எழுதிக்கொண்டார்.

“அப்பா, அது எட்டு இல்ல. மூணு.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

“டிரேசிங் பேப்பர் வழியா பாக்கிற மாதிரி இருக்கு பாப்பா. அம்மாகிட்ட சொல்லாத.”

அவர் போன பிறகு ஒரு துண்டு டிரேசிங் காகிதத்தை எடுத்துக் கண்மேல் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பாறைகள் மேகமாகிவிட்டன. வேப்பமரம் ஒரு பச்சை மூச்சு. தெருவில் போன எருமைகள் கால் இல்லாமல் மிதந்தன. லூசியம்மாளைக் கட்டி இழுக்க நூற்றுக்கணக்கான காளைகளைப் பூட்டியும் அவளை ஓர் அடி நகர்த்த முடியவில்லை என்று அம்மா சொன்ன கதை ஞாபகம் வந்தது. அந்தக் காளைகள்தான் வெட்கப்பட்டு எருமைகளாகப் போகின்றன என்று தோன்றியது. அப்பா இவ்வளவு அழகான ஊரில் இருக்கிறாரா என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஒன்பது வயது.

அவருக்கு இருந்தது பயம். ஒவ்வொரு ஜனவரியிலும் வரைபடப் பிரிவுக்காரர்களுக்குத் தொழிற்சாலை டாக்டர் கண் சோதனை செய்வார். வரைபடங்களைப் படியெடுக்கும் டிரேசர் ஒருவரை, கண் போனதும், ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஒரு கதை அந்தப் பிரிவில் உலவியது. அந்த டிரேசரை நேரில் பார்த்தவர் யாரும் கிடையாது. அப்பா வேலையை இழந்தால் மூன்று பேரும் அம்மாவின் அண்ணன் வீட்டுக்குத்தான் போயாக வேண்டும்.

அம்மாவிடம் ஏன் மறைத்தார் என்கிறீர்களா? அதற்குக் காரணம் எங்கள் கோவில் வழக்கம். செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில், வேண்டுதல்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து உரக்க வாசிப்பார். பெயர் இருக்காது. தேவையும் இல்லை; வாசித்து முடித்ததும் அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக உரியவரைப் பார்ப்பார், சபை முழுவதும் அந்தப் பக்கம் திரும்பும். அம்மாவுக்கு ஒரு கவலை வந்தால் அன்றைக்கே சீட்டு எழுதிவிடுவாள். அந்தக் கோவிலில் தொழிற்சாலைக்காரர்கள் பாதிப் பேர்.

கண்ணை மறைக்கலாம், காலை மறைக்க முடியாது. அப்பா வாசற்படியில் இடறினார். தண்ணீர்க் குடத்தை உதைத்தார். ஒரு மாலை சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். விழுந்த இடம், கள்ளுக் காம்பவுண்டு என்று அங்கே சொல்லும் கள்ளுக்கடைக்கு நேர் எதிரே. பக்கத்து வீட்டு அத்தை அதைப் பார்த்தாள். அவள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிகந்தராபாத்வாசி. அவள் தமிழில் அந்த ஊர் உருது கலந்திருக்கும்; ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’, ஏன் என்பதற்கு ‘கைக்கு’.

“ஹவ், நானே கண்ணால பாத்தேன். உன் வீட்டுக்காரரு சாக்கடையில உக்காந்துட்டிருந்தாரு. கைக்கு நான் பொய் சொல்லணும்?”

“அவரு குடிக்கமாட்டாரு அக்கா.”

“எல்லார் வீட்டுக்காரரும் குடிக்கமாட்டாங்க. கள்ளெல்லாம் தானா காலியாவுது.”

அடுத்த செவ்வாய்க்கிழமை உபதேசியார் ஒரு சீட்டைப் பிரித்தார். “என் கணவர் குடியை விட்டுத் திருந்தும்படியாக” என்று வாசித்தார். கண்ணாடிக்கு மேலாக மூன்றாவது தூணைப் பார்த்தார். அப்பா எப்போதும் நிற்கும் இடம் அது. எல்லாக் கழுத்தும் திரும்பியது. அம்மா முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டாள்.

அப்பா எல்லோரையும்விட உரக்க “ஆமென்” என்றார்.

திரும்பும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் ஹேண்டிலைப் பிடித்து, பள்ளத்தைத் தவிர்த்து ஓட்டினேன். “நீங்க குடிக்கிறதே இல்லையே அப்பா. சொல்லிடுங்களேன்.”

“குடிக்கிறவனை யாரும் டாக்டர் முன்னால நிக்கவைக்க மாட்டாங்க பாப்பா. கண்ணு தெரியாதவனைத்தான் நிக்கவைப்பாங்க. இருக்கட்டும், இது நல்ல பேருதான்.”

குடிகாரன் என்ற பெயருக்கு எந்தப் படிவமும் கிடையாது, பரிசோதனைக் குழுவும் கிடையாது. அப்பா சரியாகத்தான் யோசித்தார். ஒன்றைத் தவிர: அம்மா தினமும் மதியம் அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து, அரைக்க எதுவும் இல்லாமலே, அழுதாள்.

இதற்கு நடுவில்தான் படம் வந்தது. எங்கள் சின்னக் கோவில் லூசியம்மாளுக்கு உரியது. பீடத்துக்கு மேலிருந்த அவள் படத்தை அந்த மழையில் கரையான் தின்றுவிட்டது. தட்டும் குருத்தோலையின் நுனியும்தான் மிச்சம். டிசம்பர் பதின்மூன்றில் திருநாள். கையில் கோடு நிற்கிற மனிதர் சபையில் ஒருவர்தான் என்று மழைக்காலத்திலேயே உபதேசியார் அப்பாவிடம் சொல்லிவைத்திருந்தார். இப்போது வீட்டுக்கே வந்துவிட்டார்.

“என்ன, கை நடுங்காதே?” என்று கேட்டார். குரலில் கருணையும் இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

“காலையில நடுங்காது” என்றார் அப்பா.

முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம்தான் சொல்ல முடியாதே.

பின்னறையின் கதவைச் சாத்திக்கொண்டோம். நான்கு அடி உயரப் பலகை. அம்மாவின் அட்டைமேல் அப்பா சொன்னபடி பென்சிலால் கால் அங்குலக் கட்டங்கள் போட்டேன். பலகையில் மூன்று அங்குலக் கட்டங்கள். மேலே எழுத்து, பக்கத்தில் எண். பெரிய பலகையில் கரிக்கோடு அவருக்கு மங்கலாகத் தெரியும். அட்டை தெரியாது. நான் ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துச் சொல்வேன், அவர் வரைவார்.

“டி ஏழு. கோடு இடது பக்கம் பாதியில நுழையுது. வளைஞ்சு கீழ வலது மூலைக்குப் போயிடுது.”

“வளைவு எப்படி?”

“தொப்பை மாதிரி.”

“யார் தொப்பை?”

“உபதேசியார் தொப்பை.”

சிரித்துக்கொண்டே ஒரே இழுப்பில் வரைந்தார். வேதசாட்சியின் வலது கைத் துணி மடிப்பு அப்படித்தான் உண்டாயிற்று.

அந்தச் சனி ஞாயிறுகள் எப்போது விடிந்தன, எப்போது முடிந்தன என்று தெரியாது. ஓட்டில் பதித்த கண்ணாடி வழியே ஒரு தூண் வெயில் அறைக்குள் இறங்கி, மெதுவாகப் பலகைமேல் ஊர்ந்து போகும். கட்டம் கட்டமாகப் பார்த்ததில் அவள் எனக்கு ஒரு பெண்ணாகவே தெரியவில்லை. ஒரு நாடாகத் தெரிந்தாள். பி மூன்றில் ஒரு கரை. சி ஐந்தில் குருத்தோலைக் காடு. எஃப் நான்கில் கழுத்து, காயத்துக்கு மேல் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி, தனியாக எரியும் விளக்கைப்போல. எங்கள் பாறைகளைத் தாண்டி அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவதாகவும், தட்டிலிருக்கும் கண்கள் வழியை அவளுக்குமுன் பார்த்துச் சொல்வதாகவும் நினைத்துக்கொள்வேன். டி ஏழு, ஈ ஏழு, பள்ளம், மேடு. அவளுக்கும் என்னைப்போல் வழி சொல்லும் ஒரு வேலைக்காரி தேவைப்பட்டிருக்கும்.

வானத்துக்கு அப்பா நீலம் பூசினார். பூசப் பூச, “இன்னும் வரலையே” என்று மறுபடி பூசினார். நான் போதும் என்று சொல்லவில்லை. எனக்கு அந்த நீலம் பிடித்திருந்தது.

வெளியே அம்மா கதவோரம் நின்று மோந்து பார்த்தாள். நான் தண்ணீர் குடிக்க வந்தபோது கையைப் பிடித்தாள்.

“உள்ள என்ன குடிக்கிறாரு? மறைக்காம சொல்லு.”

“படம் வரையறாருமா. அது பெயின்ட்ல கலக்கிற டர்பன்டைன்.”

“எனக்கே கதை விடறியா? அப்பனும் மகளும் சேர்ந்துக்கிட்டீங்களா?”

அவள் பிடியில் என் வளையல் உடைந்தது. அவளே குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். உண்மை என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஜனவரிச் சோதனையை எப்படியாவது தாண்டிவிடுகிறேன், பிறகு சொல்லலாம் என்று அப்பா சொல்லியிருந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போனேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ரகசியக் கோப்புகளை முத்திரையோடு பாதுகாத்திருக்கிறேன். அன்று காத்ததுபோல எதையும் காக்கவில்லை.

கடைசியில் கண்கள் மிஞ்சின. வாதாங்கொட்டை அளவு. அப்பா தூரிகையை மூன்று முறை கொண்டுபோய் மூன்று முறையும் எடுத்துவிட்டார்.

“நீயே போட்டுடு பாப்பா.”

“நாலுமா?”

“நாலும்.”

எனக்கு ஒரே விதமாகத்தான் கண் போடத் தெரியும். மேலும் கீழும் சூரியக்கதிர்போல இமைமயிர், கருவிழிக்குள் சின்னதாக ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் குறுக்குக் கம்பி. வீட்டில் எங்கே இடம் கிடைத்தாலும், சுவரிலும் கோதுமை மாவிலும்கூட, அதே கண்ணைப் போட்டு அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அர்ச்சியசிஷ்டவளுக்கும் அதே ஜன்னல் கண், நான்கு.

முடிந்ததும் அப்பா பழக்கத்தை விடவில்லை. அளவும் வரைந்தவர் பெயரும் எழுதும் விவரக் கட்டம் இல்லாமல் எந்தப் படமும் பலகையை விட்டு இறங்கக் கூடாது என்பது அவர் தொழில் விதி. வலப்பக்கம் கீழ் மூலையில் கட்டம் போட்டு, என் விரலைப் பிடித்து இடம் பார்த்து, பழகிய கையாலேயே எழுதினார். அளவு 12:1. வரைந்தவர் என்ற இடத்தில் அவருடைய முதலெழுத்துகள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் என்னுடையவை. ஒப்புதல் என்ற இடம் காலி.

“அதுல யாரு போடுவாங்க?”

“அவங்க போடட்டும்” என்று லூசியம்மாளைக் காட்டினார்.

திருநாள் காலையில் பனி கோவிலுக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. பூசை முடிந்து திரையை விலக்கியபோது அந்த நீலம் முதலில் வந்தது; அப்படி ஒரு வானத்தைச் சபையில் யாரும் பார்த்ததில்லை. யாரோ “சேசுவே” என்றார்கள். பங்குச் சாமியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பெண்கள் வரிசையாகப் போய்ப் பூவைப் படத்தில் தொட்டு எடுத்தார்கள். அம்மா கடைசியாகப் போனாள். பூவை நீட்டிய கை நின்றுவிட்டது. முகத்துக் கண்களைப் பார்த்தாள். தட்டுக் கண்களைப் பார்த்தாள். குனிந்து மூலையிலிருந்த கட்டத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி, சபையில் என்னைத் தேடினாள்.

போனேன்.

“கண்ணு நீ போட்டதா?”

“ம்.”

“அப்பா ஏன் போடலை?”

நான் மூன்றாவது தூணைப் பார்த்தேன். அப்பா படம் இருந்த திசையைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் அங்கே இல்லை, அங்கே சுவர்தான் இருந்தது. அம்மாவும் அதைப் பார்த்தாள்.

“எத்தனை நாளா?”

“மழைக்கு முன்னாலேருந்து.”

ஆண்கள் பக்கம் பெண்கள் போகாத காலம் அது. அம்மா முக்காடு நழுவியதைக்கூடச் சரிசெய்யாமல் நேராகப் போய் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். வாசல்வரை நடத்திக்கொண்டு போனாள். சபை விலகி வழிவிட்டது. கோவில் வாசலில் நின்று, “மூணு படி” என்றாள். “ஒண்ணு. ரெண்டு. மூணு.”

பக்கத்து வீட்டு அத்தை பின்னாலேயே வந்துவிட்டாள். “அய்யய்யோ, பூசைக்கே போட்டுட்டு வந்திருக்காரா?”

அம்மா திரும்பினாள். கவலை வந்தால் அன்றைக்கே சீட்டு எழுதிப் பெட்டியில் போடுகிற அம்மா.

“ஹவ் அக்கா” என்றாள். “கொஞ்சம் அதிகமாயிடுச்சு.”

அப்பாவின் முகம் அப்போது போன போக்கை எந்த ஓவியனாலும் வரைய முடியாது.

ஜனவரிக்குக் காத்திருக்கவில்லை. “வேலை போனா போகட்டும். படியில விழுந்து நீங்க போயிட்டா?” என்று அம்மா அந்த வாரமே அவரைத் தொழிற்சாலை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் ஒரு நிமிடம் டார்ச் அடித்துப் பார்த்தார். வெறும் கண்புரை. நாற்பத்தைந்து வயதில் வருவது அபூர்வம், அவ்வளவுதான். அறுவை, கண்களில் கட்டு, தலை அசையாமலிருக்க இரண்டு பக்கமும் மணல் மூட்டை, சம்பளத்தோடு விடுப்பு. பார்வை திரும்பாவிட்டாலும் அதே சம்பளத்தில் வேறு இருக்கை உண்டு. அந்த விதி அப்பா வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே புத்தகத்தில் இருந்தது. பின்னாளில் வேறொரு நிறுவனத்தில் அதேபோன்ற விதியை நான் எத்தனையோ பேருக்குச் செயல்படுத்தியிருக்கிறேன். இல்லாத டிரேசரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, இருந்த விதியை ஒருவருக்கும் தெரியவில்லை. வந்தவர்களிடமெல்லாம் நான் விதிப் புத்தகத்தை முதலில் நீட்டியதற்கு, கறார் பேர்வழி என்று பெயர் வாங்கியதற்கு, இதுதான் காரணம். அலுவலகத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

சபையின் தீர்ப்பு வேறு. குடிதான் கண்ணைக் கெடுத்தது; படம் வரைந்த புண்ணியத்தால் லூசியம்மாள் இரண்டையும் சேர்த்துக் குணமாக்கினாள். மறு வருடத் திருநாளில் சாமியார் பிரசங்கத்திலேயே அதைச் சொன்னார். உபதேசியார் கண்ணாடிக்கு மேலாக மூன்றாவது தூணைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பரவியிருந்தால் ஒரு வேளை அந்தக் கதைக்குப் படம்கூட வரைந்திருப்பார்கள்: தட்டில் ஒரு பாட்டில்.

கட்டுப் பிரித்து, சோடாப் புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அப்பா முதல்முறையாகப் படத்தின் முன் நின்றதைச் சொல்ல வேண்டும். கோவிலில் நாங்கள் மூன்று பேர்தான். வெகுநேரம் பார்த்தார்.

“இவ்வளவு நீலமா!” என்றார். பிறகு மூக்கு படும்படி கிட்டப் போனார். “நாலு கண்ணும் நாலு அளவு. இதை யாரு செக் பண்ணது?”

கீழ் மூலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடிக்குள் அவர் கண்கள் மிகப் பெரிதாக, ஈரமாக, தட்டில் வைத்ததுபோல இருந்தன. அம்மா சிரித்துவிட்டாள், அம்மிக்கு முன்னால் அழுதவள் அவள்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

படம் இப்போது இல்லை. கோவிலை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது யாரோ எங்கோ எடுத்து வைத்தார்கள். விசாரித்தேன். கழித்த பொருள்களுக்குப் பதிவேடு வைக்கும் வழக்கம் அங்கே கிடையாது. ஒப்புதல் கட்டம் காலியாகவே போயிற்று.

அந்த ‘மூணு படி’ எண்ணிக்கை மட்டும் அம்மா இருந்தவரை இருந்தது. பார்வை திரும்பிய பிறகு அப்பாவுக்கு ஒவ்வொரு படியும் அதன் விரிசலோடு தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலுக்கு வந்ததும் மேல்படியில் நின்றுவிடுவார். பின்னால் கூட்டம் நெருக்கும். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து வந்து, மணிக்கட்டைப் பிடித்து, ஒண்ணு என்று சொல்லும்வரை காலை எடுத்து வைக்கமாட்டார்.